'டேக்' என்றால் 'எடு'... அவ்வளவுதானா? ஒரு மருந்து லேபிள் சொல்லும் கதை

ஆங்கிலத்தில் 'டேக்'னா என்ன? 'எடு'. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஸ்பானிஷ் மொழியில்? போனில் கார்டு கார்டாக வார்த்தை கற்றுத்தரும் ஆப்பைத் திறந்தால் 'தொமார்' என்று வரும். ஒரு பக்கம் 'டேக்', திருப்பினால் 'தொமார்', பச்சை டிக், அடுத்த கார்டு. வேலைக்காகவும் மேல்படிப்புக்காகவும் இங்கே ஸ்பானிஷ் படிப்பவர்கள் பலரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

அந்தப் பச்சை டிக் மேல்தான் எனக்குக் கோபம். அதில் இருப்பது பொய் இல்லை. ஆனால் உண்மையில் ஒரு சின்னத் துண்டு மட்டும்தான் இருக்கிறது.

ஏன்னு பாருங்க. 'குழந்தையை ஸ்கூலுக்கு டேக் பண்ணு' என்றால் ஸ்பானிஷில் 'தொமார்' வராது, 'யெவார்' வரும். நாமும் 'எடு' என்பதில்லை, 'கூட்டிட்டுப் போ' என்போம். போட்டோ எடுப்பதற்கு 'சகார்' (ஸ்பெயினில் பெரும்பாலும் 'அசேர்'). சட்டையைக் கழற்றுவதற்கு 'கித்தார்சே'. அதே 'டேக் ஆஃப்' விமானத்துக்கு என்றால் 'தெஸ்பெகார்'. 'ரெண்டு மணி நேரம் டேக் ஆகும்' என்பதற்கு 'தர்தார்'. குளிப்பதற்குத் தனி வினைச்சொல். மகன் அப்பாவை உரித்து வைத்திருக்கிறான் என்பதை ஆங்கிலத்தில் 'டேக் ஆஃப்டர்' என்பார்கள். ஸ்பானிஷில் அது 'பரெசேர்சே', அதாவது 'ஒத்திருப்பது'. சினிமா ஷூட்டிங்கில் 'ஃபர்ஸ்ட் டேக் ஓகே' என்கிறோமே, அந்த டேக் மட்டும் திரும்ப 'தொமா' என்று பழைய குடும்பத்துக்கே வந்துவிடுகிறது.

இங்கே 'டேக்' ஒரு பொருளைச் சொல்லவில்லை. பக்கத்தில் எந்த வார்த்தை உட்காருகிறதோ, அதைப் பொறுத்து வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் சின்ன வார்த்தைகள்தான் இப்படிப் பெரிய சுமை தூக்கும். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்குத்தான்.

இதில் என்னை ரொம்பக் கவர்ந்தது பரீட்சை விஷயம். அமெரிக்காக்காரர் எக்ஸாமை 'டேக்' செய்வார். நாம் 'ரைட்' செய்வோம், ஏனென்றால் நமக்குப் பரீட்சை என்றால் எழுதுவது. ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை கிடையாது: ஸ்பெயினில் பரீட்சையைச் 'செய்வார்கள்', மெக்சிகோவில் 'சமர்ப்பிப்பார்கள்', அர்ஜென்டினாவில் 'ரெந்தீர்' என்று வேறொரு சொல். கிளாஸ் இன்னும் வேடிக்கை. 'நான் கிளாஸ் டேக் பண்றேன்' என்று ஓர் அமெரிக்க மாணவர் சொன்னால், அவர் படிக்கிறார். நம்ம ஊரில் அதையே சொன்னால் அவர் வாத்தியார்! 'சார் கிளாஸ் எடுக்குறார்' என்ற தமிழ், ஆங்கிலத்துக்குள் புகுந்து செய்த வேலை அது. ஸ்பானிஷிலோ வாத்தியார் கிளாஸைக் 'கொடுப்பார்', மாணவர்தான் அதை 'எடுப்பார்'.

பஸ் பிடிப்பதற்கு மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை. ஸ்பெயினில் பஸ்ஸைக் 'கொஹேர்' செய்வார்கள், ஏறக்குறைய நம்ம 'பிடி' மாதிரி. அதே சொல்லை மெக்சிகோவிலோ அர்ஜென்டினாவிலோ சொன்னால் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும். அங்கே அது கெட்ட வார்த்தை. என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்தில் எழுத முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற தப்புகள். மருந்து பாட்டிலில் வந்தால் கதை வேறு.

அமெரிக்காவில் மருந்துக் கடைகள் ஒவ்வொரு நோயாளிக்கும் தனி லேபிள் அச்சடித்து ஒட்டும். அதில் அடிக்கடி வரும் ஒரு வரி: 'டேக் வன்ஸ் அ டே'. தினமும் ஒரு வேளை சாப்பிடுங்கள் என்று அர்த்தம். இதில் 'டேக்' பிரச்சினை இல்லை. மருந்துக்கு 'தொமார்' சரியாகவே பொருந்தும். வில்லன் அடுத்த வார்த்தைதான். ஓ, என், சி, இ என்ற அதே நான்கு எழுத்துகளை ஸ்பானிஷில் 'ஒன்ஸே' என்று படிப்பார்கள். அதற்கு அர்த்தம் 11. மற்ற வார்த்தைகள் ஸ்பானிஷுக்கு மாறி, இந்த ஒரு வார்த்தை மட்டும் மாறாமல் நின்றுவிட்டால், படிப்பவர் கண்ணுக்குத் தெரிவது 'தினமும் 11'.

கற்பனை இல்லை இது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி மருந்துக் கடைகளில் நடந்த ஓர் ஆய்வு 2010-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியானது. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் நிறைந்த பகுதி அது. ஸ்பானிஷில் லேபிள் தரும் கடைகளில் பெரும்பாலானவை கம்ப்யூட்டர் மொழிபெயர்ப்பை நம்பியிருந்தன. அந்த கம்ப்யூட்டர் லேபிள்களைச் சோதித்தபோது, ஏறக்குறைய பாதியில் பிழை இருந்தது அல்லது பாதி வாக்கியம் ஆங்கிலத்திலேயே கிடந்தது. மாறாமல் நின்றவற்றில் இந்த 'வன்ஸ்' ஒன்று.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 1980-ல் புளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவர் மயங்கி விழ, குடும்பத்தார் மருத்துவமனையில் 'இன்தொக்சிகாதோ' என்றார்கள். கியூபா ஸ்பானிஷில், சாப்பிட்ட ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். மருத்துவர்கள் காதில் விழுந்தது 'இன்டாக்சிகேட்டட்'. போதை மருந்து கேஸ் என்று சிகிச்சை நடந்தது. உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. அவருக்குக் கை, கால் நான்கும் செயலிழந்தன. ஒலி ஒத்துப்போனால் அர்த்தமும் ஒத்துப்போகும் என்ற நம்பிக்கைதான், கார்டு ஆப் வளர்க்கிற அதே நம்பிக்கை.

சரி, இதுக்கு என்னதான் வழி? கலிபோர்னியா மாநில மருந்தியல் வாரியம் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. லேபிளில் எழுத வேண்டிய முழு வாக்கியங்களையே முதலில் தரப்படுத்தினார்கள். 'ஒரு மாத்திரையை காலையில்', 'ஒரு மாத்திரையை படுக்கப் போகும்போது' என்கிற மாதிரி. பிறகு அந்த வாக்கியங்களை அப்படியே ஸ்பானிஷ், சீனம், கொரியம், ரஷ்யம், வியட்நாமியம் என ஐந்து மொழிகளில் மொழிபெயர்த்து வைத்துவிட்டார்கள். கடைக்காரர் பொருத்தமான வரியைத் தேர்ந்தெடுத்தால் போதும். எண்ணும் நேரமும் நேரடியாக இருப்பதால் 'வன்ஸ்' உள்ளே வர வேலையே இல்லை.

'இப்போ ஏ.ஐ. முழு வாக்கியத்தையும் புரிஞ்சுதானே மொழிபெயர்க்குது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய மென்பொருளைவிட எவ்வளவோ மேல்தான். ஆனால் நாம் அதனிடம் முழு வாக்கியத்தைக் கொடுத்தால்தானே? ஒற்றை வார்த்தையைப் போட்டு 'மீனிங்' கேட்கும் பழக்கம் ஸ்கூல் நோட்டிலிருந்து நம்மோடு வருகிறது. வார்த்தை ஒரு பக்கம், அர்த்தம் ஒரு பக்கம், நடுவில் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டி, அது எந்த வாக்கியத்தில் வந்தது என்று எந்த டெஸ்ட்டும் கேட்டதில்லை.

தமிழுக்குள்ளேயே இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. ஆங்கிலத்தில் மாத்திரையை 'டேக்' செய்கிறார்கள் என்பதால் விளம்பரங்களும் ஆப்களும் 'மாத்திரையை எடுத்துக்கொள்ளவும்' என்கின்றன. வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? 'மாத்திரை போட்டியா?' என்றுதான் அம்மா கேட்பார். அதே 'போடு' சரக்குக்கும் வரும்: 'தண்ணி போட்டிருக்கான்.' லத்தீன் அமெரிக்காவில் 'தொமார்' செய்வதும் இதேதான். மாத்திரைக்கும் அதே சொல், மதுவுக்கும் அதே சொல். டாக்டர் 'நீங்க தொமார் பண்ணுவீங்களா?' என்று கேட்டால் குடிப்பழக்கத்தைத்தான் விசாரிக்கிறார். ஆங்கிலத்தைவிட இங்கே ஸ்பானிஷ் நமக்கு நெருக்கம். 'எடு' வழியாகப் போனால் இந்த நெருக்கம் கண்ணில் படாது.

மருந்து விஷயத்தில் நம்ம ஊர் டாக்டர்கள் மொழிச் சிக்கலை ஓரளவு தாண்டிவிட்டார்கள். சீட்டில் 1-0-1 என்று எழுதினால் காலை ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று. தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளிக்கும் இது புரியும். சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்பதை மட்டும் மெடிக்கல் ஷாப்காரர் வாய் திறந்து சொல்லியாக வேண்டும்.