கல்யாண மண்டபத்தில் சர்க்கார் சாராயம்!

2023 மார்ச்சில் தமிழ்நாடு சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. 1981-ம் வருஷத்து மதுபான லைசென்ஸ் விதிகளைத் திருத்தி, ‘எஃப்.எல். 12’ என்ற புது லைசென்ஸை உண்டாக்கியது. மண்டபங்கள், விருந்துக் கூடங்கள், விளையாட்டு மைதானங்கள், ஏன், வீட்டு விசேஷங்களில்கூட மது பரிமாறலாம். கட்டணம் கட்டினால் போதும்! மாநகராட்சி எல்லையில் ஒரு நாளைக்கு 11,000 ரூபாய், நகராட்சியில் 7,500, மற்ற இடங்களில் 5,000. ஏலக்கடையில் விலை கூவுவது போல ஊருக்கு ஒரு ரேட்டு.

ஏப்ரல் 24-ந் தேதி விஷயம் வெளியே வந்தது. நாடே கொதித்தது. எதிர்க்கட்சிகள் மட்டுமல்ல, ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் கண்டித்தன. மண்டபங்களுக்கு அனுமதி கிடையாது என்று அன்றைய மந்திரி செந்தில் பாலாஜி சொன்னார். உத்தரவு அவசர அவசரமாகத் திருத்தப்பட்டது. கல்யாண மண்டபம் போயிற்று. பெரிய மாநாடுகளும் சர்வதேசப் போட்டிகளும் நின்றன. அதே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடையும் விதித்தது.

சர்க்கார் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிடக் கூடாது. “மண்டபத்தின் பின்புறம், கார் நிறுத்துமிடத்தில், மாப்பிள்ளை வீட்டார் அறையில் இப்போதே குடிக்கத்தானே செய்கிறார்கள்? அதை ஒழுங்குபடுத்துவதில் என்ன தப்பு?” குடிக்கிறார்கள், வாஸ்தவம். நம் வர்க்கத்துக் கல்யாணங்களிலும் அந்த அவலம் இருக்கிறது, மறைத்துப் பிரயோஜனமில்லை. ஆனால் இன்று குடிக்கிறவன் பெரியவர்கள் கண்ணில் படாமல் ஒளிந்து குடிக்கிறான். கலெக்டர் அனுமதியோடு மேஜை போட்டுவிட்டால் அந்தக் கூச்சமும் போய்விடும். பிறகு மது வைக்காத வீடு கஞ்ச வீடு என்று பெயர் வாங்கும். பெண்ணைப் பெற்றவன் நகைக்கு வட்டிக்கு வாங்கியது போதாதென்று, இதற்கும் வாங்க வேண்டும்!

இன்னொரு கேள்வியைப் பத்திரிகைகள் அதிகம் கேட்கவில்லை. அந்தக் கூடத்தில் வேலை செய்கிறவர்கள் யார்? விடிய விடிய அடுப்படியில் நிற்கும் சமையல் தொழிலாளி, பந்தியில் பரிமாறும் பையன்கள், இலை எடுக்கும் பெண்கள், பாத்திரம் தேய்க்கும் பாட்டிமார்கள். பெரும்பாலோருக்கு நாள் கூலிதான். நியமன உத்தரவில்லை, புகார் சொல்ல மேஸ்திரியைத் தவிர ஆளில்லை. நள்ளிரவில் போதை ஏறிய கூட்டத்துக்கு நடுவே எச்சில் இலை எடுக்கப் போகிற பெண்ணை எவனாவது கையைப் பிடித்து இழுத்தால் பொறுப்பு யாருடையது? லைசென்ஸ் வாங்கிய வீட்டாரா? மண்டப முதலாளியா? கையெழுத்துப் போட்ட அதிகாரியா? கட்டணத்தைக் காசு கணக்காக வகுத்தவர்கள் அவளைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

காரணம் கஜானாவில் இருக்கிறது. 1983-ல் மொத்த வியாபாரத்துக்காக ஏற்பட்ட டாஸ்மாக், 2003-ல் சில்லறைக் கடையையும் கையில் எடுத்தது. 2022-23-ல் மது மூலம் வந்த வருமானம் சுமார் 44,000 கோடி ரூபாய். அடுத்த வருஷம் 45,000 கோடியைத் தாண்டியது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடியும் வரவு குறையவில்லை! கூலியில் ஒரு பங்கு மாலையில் கவுண்ட்டர் வழியாகத் திரும்பி வருகிற ஏற்பாடு இது. லைசென்ஸ் கட்டணம் ஒரு வரவு என்றால், அங்கே ஊற்றப்படும் சரக்கின் வரி இன்னொரு வரவு.

இதிலும் வர்க்க பேதத்தைப் பாருங்கள். திருத்திய உத்தரவில் நட்சத்திர மாநாட்டுக் கனவான்களுக்கு இடம் உண்டு. அவர்கள் குடித்தால் அது முதலீட்டை வரவேற்கும் உபசாரம். சுமை தூக்குகிறவன் டாஸ்மாக் வாசலில் நின்று குடித்தால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்னை. போலீஸ் கம்பு வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்களே, அவர்களில் எவரும் மாநாட்டு விருந்தினர் அல்லர்.

கடையை மூடினால் கள்ளச் சாராயம் பெருகும் என்று பயமுறுத்துகிறார்கள். கடைகள் ஆயிரக்கணக்கில் திறந்திருக்கும்போதே கள்ளக்குறிச்சி நடந்தது. ஆகவே ஒரே நாளில் எல்லாவற்றையும் பூட்டச் சொல்லவில்லை. புதிய வாசல் திறக்காதே, இருக்கிற கடைகளைப் படிப்படியாகக் குறை, அங்கே வேலை செய்யும் ஊழியர்களுக்கு மாற்று வேலை கொடு, குடியிலிருந்து மீள விரும்புகிறவனுக்குத் தாலுகா ஆஸ்பத்திரியில் வைத்தியம் கொடு என்கிறோம்.

விருந்துக் கூடங்களுக்கான அந்த விதியை மாநாட்டுக்கு என்று ஒரு மூலையில்கூட மிச்சம் வைக்காமல் முழுமையாக ரத்து செய்ய வேண்டும்.