உறுதியான வண்டி வேறு, வேகமான வண்டி வேறு

கம்பம்மெட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வரை கேரள எல்லையோரத் தமிழ் வீடுகளில், பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஒரு பேச்சு எழும். ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்த வீடாக இருக்கலாம், பிள்ளையைக் கோயம்புத்தூரில் படிக்க வைக்கும் தென்னந்தோப்பு வீடாக இருக்கலாம். பேச்சு ஒன்றுதான்: "வாங்குறதுதான் வாங்குறோம், நல்ல பவர் உள்ள வண்டியா வாங்கிக் குடுத்துருவோம். அதுதான் பையனுக்குப் பாதுகாப்பு." சொல்கிறவர்கள் பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அதனாலேயே அவர்கள் அடுக்கும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

"ஆபத்துன்னா ஒரு மிதி மிதிச்சா தப்பிச்சிருவான்" என்பது முதல் காரணம். சாலையில் எதிர்ப்படும் ஆபத்துகளில் ஆக்சிலரேட்டரை மிதித்துத் தீர்வது மிகக் குறைவு. மூணாறு–மறையூர் சாலையில் வளைவு திரும்பியதும் படையப்பா என்கிற காட்டு யானை நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உதவுவது நிறுத்தத் தேவையான தூரம். அது மெதுவாக வந்தவனிடம் மட்டுமே இருக்கும். மிதி கொஞ்சமாவது உதவும் இடம் முந்திச் செல்வது. புது ஓட்டுநர் ஏமாறுவதும் அங்கேதான். எதிரே வரும் லாரியின் வேகத்தைக் கணிக்கும் கண் வருடக்கணக்கில் பழகிவரும் ஒன்று. சிறிய இன்ஜின் உள்ள வண்டியில் "வேண்டாம், போகாது" என்று விட்டுவிடும் இடைவெளியை, பெரிய இன்ஜின் "போய்விடலாம்" என்று காட்டும். அதிலும் டர்போ இன்ஜின் மிதித்ததும் ஒரு கணம் தயங்கும். பையன் இன்னும் அழுத்துவான். பிறகு ஒரேயடியாகத் தள்ளும்போது வண்டி பாதி எதிர்த்தடத்தில் இருக்கும்.

"மலைக்குப் பவர் வேணும்ல?" இடுக்கிப் பக்கம் இதைக் கேட்காத வீடு இல்லை. போடியிலிருந்து காலையில் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஏறும் பழைய மஹிந்திரா ஜீப்புகளே இதற்குப் பதில். எழுபது குதிரைத்திறனைத் தொடாத டீசல் இன்ஜின். போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன்பே டிரைவர் கியரை இறக்குகிறார், தலையைச் சாய்த்து மேல் வளைவில் யார் வருகிறார் என்று பார்க்கிறார், ஹாரன் அடிக்கிறார், பிறகு ஒரே சீராக ஏற்றுகிறார். ஏற்றுவது கியரும் அந்தப் பார்வையும்.

மலையில் நான் அஞ்சுவது இறக்கத்துக்குத்தான். ஆட்டோமேட்டிக் வண்டியை 'டி'யிலேயே விட்டு, பிரேக்கை மிதித்தபடியே குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரை இறங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாதி வழியிலேயே சக்கரத்திலிருந்து கருகல் வாடை கிளம்பும். பெடல் மெத்தென்று உள்ளே போகும். பலருக்கு அது என்ன வாடை என்றே தெரியாது. கனத்த வண்டி, கூடுதல் வேகத்தில் வரும்போது, பிரேக்கின் தலையில் ஏற்றும் சூடும் கூடுதல். 2025 ஜனவரி 6 அன்று குட்டிக்கானத்துக்குக் கீழே புல்லுப்பாறையில், தஞ்சாவூருக்குப் போய்விட்டுத் திரும்பிய கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்து கவிழ்ந்து நான்கு பேர் இறந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்பதுதான் உடனே வெளிவந்த செய்தி. தொழில்முறை ஓட்டுநர் கையிலேயே இந்த இறக்கங்கள் இப்படி என்றால், லைசென்ஸ் வாங்கி மூன்று மாதமான பையனுக்குக் குதிரைத்திறனைக் கூட்டிக் கொடுத்து என்ன காணப் போகிறோம்?

மூன்றாவது காரணத்தில் பாதி உண்மை உண்டு: "சின்ன வண்டி மோதினா அப்பளம், பெரிய வண்டின்னா உயிராவது மிஞ்சும்." கனமும் உறுதியான கூடும் உள்ளே இருப்பவரைக் காப்பது உண்மை. ஆறு ஏர்பேக், ஏ.பி.எஸ்., வழுக்கலைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. எல்லாம் பணம் கொடுத்து வாங்க வேண்டியவையே. ஆனால் இவற்றுக்கும் குதிரைத்திறனுக்கும் சம்பந்தம் கிடையாது. 2023ல் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டிகளில், ஒரே கூட்டில் சிறிய இன்ஜினும் பெரிய இன்ஜினும் வருபவை உண்டு. பிள்ளைக்குச் சிறியதை எடுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்காகும். ஏர்பேக் எண்ணிக்கை அப்படிப் பெருகாது. தவிர, கூடு காப்பது உள்ளே இருப்பவரைத்தான். பாலக்காட்டுச் சித்தூர் சாலை ஓரத்தில் சைக்கிளில் போகிறவருக்கு அந்த நட்சத்திரங்களால் பயன் இல்லை.

"பையன் நிதானமானவன். நானே பக்கத்துல உக்காந்து கத்துக்குடுத்தேன்." நான் மிகவும் மதிக்கும் வாதம் இது. அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

2024 டிசம்பர் 2 இரவு, ஆலப்புழை வண்டானம் அரசு மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் பதினோரு பேர் ஒரு பழைய டவேராவில் சினிமாவுக்குக் கிளம்பினார்கள். நல்ல மழை. களர்கோட்டில் வண்டி வழுக்கி எதிரே வந்த கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்தில் மோதியது. ஆறு பிள்ளைகள் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் பாலக்காட்டுப் பிள்ளை. ஓட்டிய மாணவர் லைசென்ஸ் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. இவர்கள் ஊதாரிப் பிள்ளைகள் இல்லை, எம்.பி.பி.எஸ். இடம் வாங்கிய பிள்ளைகள். டவேராவும் பறக்கிற வண்டி இல்லை. "அப்போ பவர் காரணம் இல்லையே" என்று சிலர் இதையே திருப்பிக் கேட்பார்கள். உண்மைதான். மெதுவான வண்டியிலேயே இரவு, மழை, நிறைந்த வண்டி, புதுக் கை ஆகிய நான்கும் சேர்ந்தால் இப்படி முடிகிறது. அதே நான்கோடு இருநூறு குதிரைத்திறனைச் சேர்த்தால், பிழையைத் திருத்திக்கொள்ள இருக்கும் ஓரிரு வினாடியும் போய்விடும்.

நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது உங்கள் முன்னால் ஓட்டும் மகனை. நண்பர்கள் ஏறியதும் ஓட்டுகிறவன் வேறு ஆள். அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2012ல் வெளியிட்ட ஆய்வு 16, 17 வயது ஓட்டுநர்களைப் பற்றியது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவர் உடன் இருந்தாலே, தனியாக ஓட்டுவதைவிட ஓட்டுநர் இறக்கும் அபாயம் 44 சதவீதம் கூடுகிறது. இருவர் என்றால் இரட்டிப்பு. மூன்று பேரும் அதற்கு மேலும் என்றால் நான்கு மடங்கு. மூணாறு கேப் ரோட்டில் ஜன்னல் வழியாக உடம்பை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு போன கார்களை 2024ல் மோட்டார் வாகனத் துறை அடுத்தடுத்துப் பிடித்ததே, அவற்றில் எதிலாவது அப்பா இருந்தாரா? நம் டெஸ்டோ, மைதானத்தில் கம்பிகளுக்கு நடுவே 'எச்' எடுக்கச் சொல்லி, பிறகு பகலில் கொஞ்சம் ரோட்டில் ஓட்டச் சொல்கிறது. இரவும் மழையும் சுரம் என்கிற மலைப்பாதையும் அதில் வருவதில்லை.

"வேகத்தை லாக் பண்ணிடலாம்" என்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. 2022 அக்டோபரில் பாலக்காடு வடக்கஞ்சேரியில் பள்ளிச் சுற்றுலாப் பேருந்து கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்தின் பின்னால் மோதி ஒன்பது பேர் இறந்தபோது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயமான அந்தச் சுற்றுலாப் பேருந்து மணிக்கு 97 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. கருவியில் கை வைத்திருந்தார்கள். ஒழுங்காக வேலை செய்யும் 80 கிலோமீட்டர் பூட்டுகூட நெல்லியாம்பதி வளைவில் யாரையும் காக்காது.

"சட்டமே தடுக்கலையே." பதினெட்டுக்குக் கீழே என்றால் சட்டம் கடுமையாகவே தடுக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் சேர்ந்த 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்; பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பதினெட்டு முடிந்தபின் எந்தக் காரையும் ஓட்டலாம் என்பது நம் சட்டத்தில் உள்ள ஓட்டை. அதைப் பாதுகாப்புச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இத்தாலியில் லைசென்ஸ் வாங்கிய முதல் மூன்று ஆண்டுகள், அனுபவமுள்ள ஓட்டுநர் பக்கத்தில் இல்லாமல் 105 கிலோவாட்டுக்கு மேற்பட்ட காரை ஓட்ட முடியாது. அந்தக் கணக்கில் 112 கிலோவாட் பெட்ரோல் தார், 147 கிலோவாட் பெட்ரோல் எக்ஸ்யூவி 700 இரண்டும் நம் பையனுக்குக் கிடைக்காது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் புதியவர்களுக்கு எடைக்கேற்ற சக்தி வரம்பு வேறு கணக்கில் உண்டு.

கடைசியாக வருவது அம்மாக்கள் சொல்வது: "நாம குடுக்கலைன்னா கூட்டாளி வண்டியை எடுப்பான்." எடுப்பான்தான். அதனால் வண்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறிய இன்ஜினும் உறுதியான கூடும் உள்ள வண்டியைக் கொடுங்கள். ஓர் இடவப்பாதி மழை முழுக்க உங்களோடு ஓட்டட்டும். சுரத்தில் இரண்டாம் கியரில் இறங்கவும், ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடவும் கை பழகட்டும். முதல் ஆண்டு இரவு ஒன்பதுக்கு மேல் சாவி வீட்டில் இருக்கட்டும். நண்பர்களில் ஒருவருக்கு மேல் ஏற்ற வேண்டாம். பல புது வண்டிகளோடு வரும் செயலியில் வேக எச்சரிக்கை உங்கள் போனுக்கு வரும்படி செய்யலாம். அதை அவனுக்குச் சொல்லிவிட்டே செய்யுங்கள். பெரிய வண்டியை இரண்டு மூன்று ஆண்டு கழித்து அவனே கேட்கட்டும். இன்னொன்றையும் சாவி கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்: "எந்நேரமானாலும், எந்த ஊரில் இருந்தாலும், ஓட்டத் தோது இல்லைன்னா போன் போடு. நான் வந்து கூட்டிட்டு வர்றேன், ஏன்னு கேக்க மாட்டேன்." அவன் கூப்பிடுகிற இரவில், கேட்காமலே போய் வாருங்கள்.