தையல் டேப்பும் மோட்டார் சைக்கிளும்

பெங்களூரிலிருந்து என் தங்கை டெலிபோன் செய்தாள். "அக்கா, நீ சொன்னால்தான் கேட்பாள். அந்த வண்டியை முதலில் விற்கச் சொல்!" என்று ஒரே அழுகை.

விஷயம் இதுதான். தங்கையின் பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லிலும் மண்ணிலும் ஓட்டுவதற்கென்று 200 ஸி.ஸி. மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தாள். (பெண்பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். அதே பெங்களூர்ப் பெண் ஐஸ்வர்யா பிஸ்ஸே, 2019-ல் இப்படிப்பட்ட கரடுமுரடான பாதைகளில் நடக்கும் எஃப்.ஐ.எம். பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பட்டத்தை ஜெயித்தவர்.) எங்கள் பெண் ஒரு கல் சரிவில் இறங்கும்போது கை மரத்துப் போய், பிரேக் பிடிக்க விரல் மடங்காமல் விழுந்துவிட்டாள். முழங்கையில் ஆறு தையல். வண்டியைப் பார்த்த மெக்கானிக் ஒருவர், "முன் ஃபோர்க்கையே மாற்ற வேண்டும், வெளிநாட்டுச் சாமான்" என்று அவளுடைய இரண்டு மாதச் சம்பளத்தைக் கேட்டாராம்.

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் ஒர்க்‌ஷாப்பில் காலம் தள்ளியவர். விஷயத்தைக் கேட்டதும், "உன் தையல் டேப்பை எடுத்துக்கொள், போய்ப் பார்த்துவிட்டு வரலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் காரணம் இருந்தது.

ஃபோர்க் என்பது முன் சக்கரத்தின் இரண்டு பக்கமும் நிற்கும் ஜோடிக் கால்கள். ஒவ்வொரு காலிலும் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் போய் வருகிறது. உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். எண்ணெய் சின்னஞ்சிறு துவாரங்கள் வழியே பிதுங்கிப் போய், ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும். 1935-ல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி தன் ஆர் 12 வண்டியில் வைத்த ஏற்பாடு இது. இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை.

இந்த ஸ்பிரிங் ஓட்டுகிறவர் எடைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாமியின் அளவில் தைத்த ரவிக்கையை நாம் போட்டுக்கொள்ள முடியுமா?

அளவெடுப்பது சுலபம். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, சக்கர அச்சின் நடுவிலிருந்து மேலே ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கிளாம்ப் வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியைத் தரையில் விட்டு, வெறும் வண்டியாக ஓர் அளவு. கடைசியாக, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்து ஓர் அளவு. ஒருவர் வண்டியைப் பிடிக்க வேண்டும், ஒருவர் டேப் பிடிக்க வேண்டும். முதல் அளவிலிருந்து கடைசி அளவைக் கழித்தால், ஆள் பாரத்துக்கு ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று தெரிந்துவிடும். மொத்த ஓட்டத்தில் கால் பங்கு முதல் முப்பது சதவிகிதம் வரை அமுங்கினால் நல்லது.

அவள் வண்டியின் ஓட்டம் 190 மில்லி மீட்டர். ஆகவே சுமார் ஐம்பது மில்லி மீட்டர் அமுங்க வேண்டும். அமுங்கியதோ 31! பெண்ணின் எடை 50 கிலோ. விசாரித்ததில், வண்டியை விற்ற மனிதர் 95 கிலோவாம். தன் பாரத்துக்கென்று கெட்டி ஸ்பிரிங் போட்டு, எண்ணெயும் கெட்டியாக ஊற்றியிருக்கிறார். ஒவ்வொரு கல்லும் இவள் மணிக்கட்டில் இடித்ததில் ஆச்சரியம் என்ன?

வெளிநாட்டு ஃபோர்க் மோசம் என்று சொல்லமாட்டேன். தலைகீழ் ஃபோர்க் என்கிறார்களே, அது எளிதில் வளைந்து கொடுக்காது; வேகமாகத் தாவிக் குதிக்கிறவர்களுக்கு வேண்டியதுதான். ஆனால் அதனுள்ளும் ஸ்பிரிங் யாரோ ஒருவருடைய எடைக்குத்தான் வரும். நீளமான ஃபோர்க்தான் உயர்த்தி என்பதும் சரியில்லை. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண வண்டியில் 190 மில்லி மீட்டர் ஓட்டம். ஸீட் உயரம் 825. 2023-ல் வந்த புரோ வகையில் ஓட்டம் 250. ஸீட்டோ 891-க்கு ஏறிவிட்டது. ஐந்தடி இரண்டங்குலப் பெண் சரிவில் காலை ஊன்றுவது எப்படி?

மேல் மூடியைத் திருகினால் ஸ்பிரிங் கெட்டியாகும், தளர்த்தினால் மென்மையாகும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். கெட்டி ஸ்பிரிங் கெட்டியாகவேதான் இருக்கும்.

ஆகவே கம்பெனி ஸ்பிரிங்கையே வாங்கி மாட்டச் சொன்னோம். இதை வீட்டில் செய்யாதீர்கள். மூடியைக் கழற்றும்போது ஸ்பிரிங் தெறித்து முகத்தில் அடிக்கும். புது அளவு 49. எண்ணெயை அன்றைக்கு மாற்ற வேண்டாம் என்று இவர் தடுத்துவிட்டார். சாம்பாரில் உப்பையும் புளியையும் ஒரே சமயத்தில் கூட்டினால், ருசி எதனால் மாறியது என்று எப்படித் தெரியும்? அடுத்த ஞாயிறு ஓட்டிப் பார்த்தாள். கை வலி பாதி குறைந்தது. ஆனால் வரிசையாகக் கற்கள் வந்தால் முன்பக்கம் தாழ்ந்துகொண்டே போனது. எண்ணெய் கெட்டியாக இருந்தால் அப்படித்தான். ஒரு கல்லுக்கு அமுங்கிய ஃபோர்க் மறுபடி நீள்வதற்குள் அடுத்த கல் வந்துவிடுகிறது. பதினைந்தாம் நம்பர் எண்ணெயை எடுத்துவிட்டுப் பத்தாம் நம்பர் ஊற்றியபின் அதுவும் சரியாயிற்று.

ஃபோர்க் குழாயில் ஒரு பிளாஸ்டிக் கட்டு மாட்டியிருக்கிறாள். எவ்வளவு ஆழம் அமுங்கியது என்று அது காட்டிக் கொடுக்கும். சென்ற ஞாயிறு அதே கல் சரிவில் இறங்கிவிட்டு, இன்னும் 20 மில்லி மீட்டர் மீதி இருந்தது என்று நோட்டில் எழுதி எனக்குப் படம் அனுப்பினாள். கை மரக்கவில்லையாம்.

தங்கை இன்னமும் வண்டியை விற்கத்தான் சொல்கிறாள். என் டேப் அங்கேயே இருக்கிறது. தீபாவளி ரவிக்கைக்கு வேறு டேப் வாங்க வேண்டும்.