குறைவது யாருடைய நம்பிக்கை?

பெண்கள் திரைப்படம் இயக்க ஏன் முன்வருவதில்லை என்னும் கேள்விக்குக் கருத்தரங்குகள் ஆயத்தமாக ஒரு விடை வைத்திருக்கின்றன: தன்னம்பிக்கைக் குறைவு. செலவில்லாத விடை. ஒருநாள் பயிலரங்கு, ஒரு சான்றிதழ், ஒரு குழுப்படம், கடமை முடிந்துவிடும். மைசூரு மண்ணிலிருந்து கிளைத்த திரை வரலாறு இந்த விடையைப் பொய்யாக்குகிறது.

மைசூரு சாமுண்டிபுரத்தில் வாழ்ந்த நாவலாசிரியர் திரிவேணி, 35 வயது நிறையுமுன் 1963இல் மறைந்தார். அவருடைய நாவல்களைக் கொண்டு புட்டண்ணா கணகால் ‘பெள்ளி மோட’ (1967), ‘சரபஞ்சர’ ஆகிய படங்களை இயக்கினார். எம்.கே. இந்திராவின் ‘கெஜ்ஜெ பூஜெ’யும் அவர் கையில்தான் படமாயிற்று. கணகாலின் கலைத்திறனை இங்கு யாரும் ஐயுறவில்லை. ஆனால் பெண்மையப் படங்கள் எனக் கன்னடத் திரை பெருமை கொள்ளும் மரபின் புகழ்பெற்ற படங்கள் பல, பெண்கள் எழுதிய கதைகளின்மேல் நிற்கின்றன. பெண்ணின் கற்பனையைக் கச்சாப்பொருளாக ஏற்றுக்கொண்ட தொழில், படப்பிடிப்புத் தளத்தின் அதிகாரத்தை அவளிடம் ஒப்படைக்க மறுத்தது.

கன்னடத்தின் முதல் பேசும்படம் ‘சதி சுலோசனா’ 1934இல் வெளிவந்தது. கன்னடத்தின் முதல் பெண் இயக்குநராக அறியப்படும் பிரேமா காரந்தின் ‘பணியம்மா’ வந்தது 1983இல். இடையில் 49 ஆண்டுகள். அத்தனை காலமும் கன்னடப் பெண்கள் தன்னம்பிக்கையற்றிருந்தனரா? அதே ஆண்டுகளில்தான் அவர்கள் நாவல் நாவலாக எழுதினார்கள். எழுதத் தாளும் மையும் போதும். படம் எடுக்கப் பிறர் பணமும், தன் சொல்லுக்கு இசையும் ஒரு குழுவும் வேண்டும்.

தமிழிலும் இதே கதைதான். 1936இல் ‘மிஸ் கமலா’வை இயக்கிய டி.பி. ராஜலட்சுமியே அதன் தயாரிப்பாளர். 1953இல் ‘சண்டிராணி’யை இயக்கிய பானுமதிக்குச் சொந்தமாகப் பரணி நிறுவனம் இருந்தது. இருவரும் புகழ்பெற்ற நடிகையர். முதலீடு தம் வசம் இருந்ததால் எவருடைய அனுமதிக்கும் அவர்கள் காத்திருக்க நேரவில்லை.

துணிந்தவர் தடை தாண்டுவார், பிரேமா காரந்த் தாண்டவில்லையா என்பர் சிலர். தேசிய நாடகப் பள்ளியில் பயின்று, நாடகத்திலும் திரையிலும் ஆடை வடிவமைப்பு, கலை இயக்கம் எனப் பல பணிகள் ஆற்றிய பின்னரே அவர் இயக்குநரானார். முதல் படமே சிறந்த கன்னடப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. இவ்வளவு தகுதியுடையவர் வரும்வரை கதவு மூடியிருந்தது ஏன் என்பதே ஆய்வாளர் கேட்க வேண்டிய வினா. விதிவிலக்கைக் காட்டி விதியை மறைப்பது ஆய்வாகாது.

‘சரபஞ்சர’வின் காவேரி மனநோய் நீங்கி வீடு திரும்புகிறாள். சுற்றத்தார் அவளை நம்ப மறுக்கின்றனர். அவர்களது அவநம்பிக்கையே அவளைச் சிதைக்கிறது. தன்னம்பிக்கை ஒருவருக்குள் தனியே விளைவதில்லை என்பதைத் திரிவேணி அன்றே எழுதிவிட்டார்.

கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கெனத் தனி நிதி ஒதுக்கியது. தாரா ராமானுஜனின் ‘நிஷித்தோ’, மினி ஐ.ஜி.யின் ‘டிவோர்ஸ்’, ஸ்ருதி சரண்யத்தின் ‘பி 32 முதல் 44 வரெ’ வந்தன. அங்குள்ள பெண்களுக்குத் திடீரெனத் தன்னம்பிக்கை ஊறிவிட்டதா என்ன? அதே கேரளத்தில்தான், படப்பிடிப்புத் தளங்களில் பெண்களுக்குக் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் இல்லாத நிலையை 2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா குழு அறிக்கை பதிவு செய்தது. கழிப்பறை இல்லாத தளத்தில் நின்று நம்பிக்கையோடு படைக்கச் சொல்வது அறிவுரையா, ஏளனமா?

இப்போது மைசூரில் 150 ஏக்கரில், 500 கோடி ரூபாயில், அரசு-தனியார் கூட்டு முயற்சியாகத் திரைப்பட நகரம் அமையும் எனக் கர்நாடக அரசின் 2025-26 வரவுசெலவுத் திட்டம் அறிவித்துள்ளது. அதில் பெண் இயக்குநர்களின் முதல் படத்துக்கு எவ்வளவு நிதி? நிதியைத் தீர்மானிக்கும் குழுவில் எத்தனை பெண்கள்? பாலியல் புகார்களை விசாரிக்கும் குழு முதல் நாளிலிருந்தே இயங்குமா? அடித்தளம் எழும்புமுன் பல்கலைக்கழகங்கள் இவற்றைக் கேட்க வேண்டும். அடுத்த தன்னம்பிக்கைப் பயிலரங்கை முதலீட்டாளர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் நடத்தலாம். பெண்ணை நம்பப் பழக வேண்டியவர்கள் அவர்கள்தாம்.