இடரை அகற்றுதல் இல்லத்தில் தொடங்கட்டும்

மயிலாப்பூரில் எங்கள் மக்தபுக்கு வரும் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பார்வை மிகக் குறைவு. ஒருநாள் நெற்றி வீங்கி வந்தான். பாதி திறந்திருந்த கதவில் மோதிக்கொண்டானாம். "இனி அவனை ஓரிடத்திலேயே உட்கார வைத்துவிடுகிறேன், ஹஜ்ரத்" என்றார் தாயார்.

அவருடைய அச்சம் நியாயமானது, முடிவு சரியன்று. திருத்த வேண்டியது கதவை. முடக்க வேண்டியது குழந்தையை அன்று.

பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றென நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். நம் வீட்டுக்கூடமும் ஒரு பாதைதானே!

கதவை முழுவதும் திறந்தோ மூடியோ வையுங்கள். படி விளிம்பில் மாறுபட்ட நிறப் பட்டை ஒட்டுங்கள். ஒளூச் செய்த இடத்து ஈரத்தை உடனே துடையுங்கள். சூடான தேநீரைத் தரையில் வைக்காதீர்கள். வெண்சோற்றை அடர்நிறத் தட்டில் பரிமாறுங்கள். பருக்கை கண்ணுக்குப் புலப்படும். கட்டிலை இடம் மாற்றினால், குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று தொட்டுக் காட்டுங்கள். நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவில் குறைபார்வையருக்கெனத் தனிப் பிரிவு உண்டு. எஞ்சிய பார்வையைப் பயன்படுத்தும் வழிகளை அங்கே கேட்டறியலாம்.

பார்வையற்ற நபித்தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மூலையில் அமர்த்தப்படவில்லை. பாங்கு சொன்னார்கள், நபியவர்கள் பயணம் சென்றபோது மதீனாவின் பொறுப்பையும் ஏற்றார்கள்.

அச்சிறுவனும் தன் வீட்டில் அச்சமின்றி நடக்கட்டும். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களை அமைதித் தலங்களாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.