தாராவி மறுமேம்பாடு: வீட்டின் பரப்பைப் போலவே நிலத்தின் தரமும் முக்கியம்

மும்பை தாராவி மறுமேம்பாட்டுத் திட்டம் குறித்த விவாதம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடைபெற்று வருகிறது. வீடு பெறத் தகுதியுடையவர் யார்? அந்த வீடு எத்தனை சதுர அடி? இவற்றுக்கு இணையான மூன்றாவது கேள்வியும் உண்டு: அவ்வீடுகள் எத்தகைய நிலத்தில் எழுப்பப்படவுள்ளன?

2022 நவம்பரில் ரூ.5,069 கோடிக்கு விலைப்புள்ளி அளித்து அதானி குழுமம் இத்திட்டத்தைப் பெற்றது. அக்குழுமத்துக்கு 80 சதவீதமும் மகாராஷ்டிர அரசுக்கு 20 சதவீதமும் பங்குள்ள நிறுவனம் பணிகளை மேற்கொள்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே உள்ள தரைத்தளக் குடியிருப்புகளுக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசமாகக் கிடைக்கும். அதற்குப் பின் வந்தோரும் மேல்தளங்களில் வசிப்போரும் தாராவிக்கு வெளியே குடியமர்த்தப்படுவர். திருநெல்வேலி உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இந்த இரு பிரிவுகளிலும் உள்ளன.

சதுப்பின் மீது உயரும் கட்டடங்கள்

மித்தி ஆற்றுக்கும் மாஹிம் கழிமுகத்துக்கும் அருகே இருந்த சதுப்பு நிலமே தாராவி. குப்பையையும் இடிபாடுகளையும் கொட்டி மக்களே அதை மேடாக்கினர். இத்தகைய இடங்களில் நிரப்பு மண்ணுக்குக் கீழே மென்மையான கடற்களிமண்ணும், அதன் கீழே சிதைந்த எரிமலைப் பாறையும் இருக்கும். தகரக் கூரை வீட்டின் எடையைத் தாங்கும் இந்த மண், அடுக்குமாடிக் கட்டடத்தைத் தாங்காது. எனவே பாறைக்குள் ஊன்றிய கான்கிரீட் பைல் அடித்தளம் தேவைப்படும்.

பைல்கள் கட்டடத்தைக் காக்கும். ஆனால் அதைச் சுற்றியுள்ள நடைபாதையும் கழிவுநீர்க் குழாயும் நிரப்பு மண்ணில்தான் இருக்கும். களிமண் அமுங்கும்போது அவை இறங்கி, குழாய் இணைப்புகள் உடையக்கூடும். அமுங்கும் மண் பைல்களையும் கீழ்நோக்கி இழுப்பதால், அந்தக் கூடுதல் சுமையையும் வடிவமைப்பில் கணக்கிட வேண்டும். உப்பு கலந்த நிலத்தடி நீர் இரும்புக் கம்பிகளை அரிக்கும். தோல் பதனிடும் தொழில் நடந்த இடங்களில் குரோமியம் உள்ளதா என்ற சோதனையும் அவசியம்.

சான் பிரான்சிஸ்கோவின் 58 மாடி மில்லேனியம் கோபுரம் இதற்கு ஓர் எச்சரிக்கை. அதன் பைல்கள் பாறையை எட்டவில்லை. 2009-இல் திறக்கப்பட்ட அக்கட்டடம் அமிழ்ந்து சாய்ந்ததால், பின்னர் பாறை வரை புதிய பைல்கள் இறக்க நேரிட்டது.

தேவனாரின் சிக்கல்

செம்பூரை அடுத்த தேவனார் குப்பைக் கிடங்கின் நிலை மேலும் கடினமானது. 1927 முதல் குப்பை கொட்டப்படும் அங்கு, 124 ஏக்கரை இத்திட்டத்துக்கு ஒதுக்க 2024 அக்டோபரில் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மட்கும் குப்பை ஆண்டுக்கணக்கில் சீரற்று அமுங்குவதுடன் மீத்தேன் வாயுவையும் நச்சுக் கசிவுநீரையும் வெளியிடும். 2016 ஜனவரியில் அங்கு பற்றிய தீயின் புகை செயற்கைக்கோள் படங்களிலும் பதிவானது.

மூடப்பட்ட குப்பைக் கிடங்கின் மீதும் அதிலிருந்து 100 மீட்டருக்குள்ளும் குடியிருப்புகள் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. சுமார் 1.85 கோடி டன் பழைய குப்பையை அகற்ற மும்பை மாநகராட்சி 2025-இல் ஒப்பந்தப்புள்ளி கோரியது. குப்பையை அகற்றினாலும் அடிமண்ணில் ஊறிய மாசு தானாக நீங்கிவிடாது. மண்ணும் நீரும் வாயுவும் தனித்தனியே சோதிக்கப்பட்ட பிறகே அடித்தளப் பணி தொடங்க வேண்டும்.

வெளியிட வேண்டிய அறிக்கைகள்

சாவி பெற்ற பின் விரிசலும் கழிவுநீர்க் கசிவும் ஏற்பட்டால், பராமரிப்புச் சுமை காலப்போக்கில் குடியிருப்போர் சங்கத்தின் மீதே விழும். குறைந்த வருவாயுள்ள குடும்பங்களால் அதைத் தாங்க இயலாது. ஆகவே ஒவ்வொரு மனைக்குமான மண் ஆய்வு, பைல் சுமைச் சோதனை, மாசு அளவீடு ஆகியவற்றின் முடிவுகளை அரசு தமிழ், மராத்தி, இந்தி மொழிகளில் வெளியிட வேண்டும். அவற்றைப் பார்த்த பிறகே இடமாற்றத்துக்கு ஒப்புதல் அளிக்கும் வாய்ப்பு குடும்பங்களுக்குக் கிடைக்க வேண்டும்.