களப்பணிக்குக் கூலி கொடுப்போம்

"லீவுல நான் உங்ககூட ஊர் ஊராச் சுத்துனா, காலேஜ் தொறக்கும்போது பீஸுக்கு யாருண்ணா குடுப்பாங்க?"

போன ஏப்ரலில் ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்தில் ஒரு மாணவி என்னிடம் கேட்டது இது. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிக் குடும்பமொன்றில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர். வன உரிமை மனுக்கள் தயாரிக்கும் வேலைக்குக் கோடை விடுமுறையில் வரச்சொல்லி அழைத்திருந்தேன். அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் அண்ணனோடு திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. போளூர்ப் பக்கத்துச் சேரியிலிருந்து படிக்கப் போனவன் நான். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஓர் அமைப்பு ஒரு மாதக் களப்பயிற்சிக்கு அழைத்தது. சாப்பாடு உண்டு, பணம் கிடையாது. நான் செங்கல் சூளைக்குப் போனேன். பயிற்சிக்குப் போனவர்கள் பின்னாளில் பேச்சாளர்களாகவும் பொறுப்பாளர்களாகவும் ஆனார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த மாதத்து அரிசிக்கு அவர்கள் வீடு அவர்களை நம்பி இருக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் எனக்கு நடந்ததையே 20 ஆண்டு கழித்து அந்த மாணவிக்கு நானும் செய்தேன் என்பதுதான் உறுத்துகிறது.

இந்த மலைக்கு ஏன் மாணவர்கள் தேவை? வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. தமிழ்நாட்டில் உயர்நீதிமன்ற அனுமதியின்றிப் பட்டா வழங்கக்கூடாது என்று 2008இல் பிறந்த இடைக்கால உத்தரவை உச்ச நீதிமன்றம் 2016இல்தான் நீக்கியது. எட்டு ஆண்டுகள் அப்படியே போயின. இப்போது வேலை கிராமத்தில் கிடக்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்த நிலம் தங்கள் கையில் இருந்ததைப் பழங்குடிகள் காட்ட வேண்டும். வீடு, வரப்பு, கிணறு, இடுகாடு, கோயில் எல்லாம் சான்றுதான். ஊர்ப் பெரியவர் வாய்மொழியாகச் சொல்வதை எழுதி வைத்தால் அதுவும் சான்று. மனு தள்ளுபடியானால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். பாட்டியின் பேச்சு புரிந்து, அதைத் தாளில் எழுதத் தெரிந்தவர் யார்? கல்லூரிக்குப் போயிருக்கும் அவருடைய பேத்திதான். அந்தப் பேத்தியோ கோடையில் ஊரில் இருப்பதில்லை. விடுமுறை விட்டதும் விடுதி மூடப்படும், சோறும் நின்றுவிடும். கர்நாடகத்துக் காப்பித் தோட்டமோ கேரளமோ திருப்பூரோதான் கதி.

கூலி தேடி இறங்கும் வழியில் என்ன காத்திருக்கிறது என்பதும் இந்த மலைக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது. இறந்தவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். இங்கே கோடைக் கூலி என்பது கைச்செலவுக்கான காசு அல்ல.

"காசு கொடுத்தால் போராட்ட உணர்வு போய்விடும்" என்று மூத்த தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சாவுக்குப் பறையடிக்கவும், செத்த மாட்டைத் தூக்கவும், ஊர்த் தெருவைக் கூட்டவும் நம் தாத்தாக்களைக் கூலியில்லாமல் அழைத்ததற்குப் பெயர் வெட்டி வேலை. அதே வீட்டுப் பிள்ளையைச் சாதி ஒழிப்பின் பெயரால் கூலியில்லாமல் அழைத்தால் அதற்கு மட்டும் தியாகம் என்று பெயரா?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவமும் இதைச் சொல்கிறது. 1964இல் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பர்களை வாக்காளராகப் பதிவு செய்ய நடந்த 'விடுதலைக் கோடை'க்கு வந்த மாணவர்கள், ஜாமீனுக்கென்று 500 டாலரும் தங்கள் செலவுக்கான பணமும் வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வந்தவர்களில் பெரும்பாலோர் வடமாநில வசதியான வெள்ளையின மாணவர்கள். அவர்களின் துணிவு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் அந்த மண்ணில் நின்றவர்கள், மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவிடம் வாரம் சுமார் 10 டாலர் வாங்கிக்கொண்டு வேலை செய்த கறுப்பின இளைஞர்கள். 10 டாலர் அற்பம்தான். ஆனாலும் அவர்கள் களத்தை விட்டுப் போகாமல் இருக்க அது உதவியது.

நம் அரசும் இதை அறியாததல்ல. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் மாணவரிடம் இரண்டு ஆண்டில் 240 மணிநேர உழைப்பைக் கேட்கிறது, கூலி இல்லை. பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024இல் அறிவிக்கப்பட்டபோது மாதம் 5,000 ரூபாய் தருவதாக இருந்தது. அது பெருநிறுவனங்களில் பயிற்சி பெற. முழுநேரக் கல்லூரி மாணவருக்கு அப்போது அதிலும் இடமில்லை. கம்பெனிக்குப் போனால் காசு, ஊருக்கு உழைத்தால் சான்றிதழ்!

ஒரு கணக்குப் போடுவோம். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். அதையே அளவாகக் கொண்டால் 45 நாளுக்கு ஒருவருக்கு 15,120 ரூபாய். 50 மாணவர்களுக்கு 7,56,000 ரூபாய். நம் அமைப்புகள் சேர்ந்து திரட்ட முடியாத தொகை அல்ல இது. ஒரு மாநாட்டுப் பந்தலுக்கும் பேனருக்கும் செலவழித்தவர்கள்தானே நாம்?

அரசு நிதியை எதிர்பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. வனத்துறைக்கு எதிராக மனு எழுதுகிறவர் அரசிடம் சம்பளம் வாங்கினால் கை தயங்கும். மலைப் பிள்ளைகளுக்கும் சேரிப் பிள்ளைகளுக்கும் முதலிடம் வேண்டும், பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். கூலியை வாரக் கடைசியில் கையில் கொடுக்க வேண்டும். வேலை நடந்ததா என்று சொல்லும் உரிமை அந்தந்த ஊர்க் கிராம சபைக்கு. 'ஊக்கத்தொகை' என்ற சொல்லும் வேண்டாம், கூலி என்றே சொல்வோம்.

கற்பி, ஒன்றுசேர், புரட்சி செய் என்று அண்ணல் அம்பேத்கரின் பெயரால் சுவரெல்லாம் எழுதுகிறோம். ஒன்றுசேர்ப்பது ஒரு வேலை. அதைச் செய்கிறவருக்கும் பசிக்கும்.

வரும் ஏப்ரலில் மறுபடியும் ஜமுனாமரத்தூர் போவேன். அந்த மாணவி கண்ணில் பட்டால், "பீஸ் எவ்வளவும்மா?" என்று முதலில் நான் கேட்க வேண்டும். அதற்கான பணம் அப்போது கையில் இருக்க வேண்டும்.